யாரும் கேட்காத வைட்டமின்

அவருடைய வலது கையில் மூன்று விரல்கள் எப்போதும் லேசான பச்சையாக இருக்கும். இலைப்பொடியை ஆல்கஹாலில் ஊறவைத்து வடிகட்டும்போது ஒட்டிக்கொள்கிற பச்சை அது. சோப்புக்கு மசியாது, நகக்கணுவில் போய் ஒளிந்துகொள்ளும். அக்கா மகள் சின்னவளாக இருந்தபோது அந்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாமா, நீங்க இன்னும் பழுக்கவே இல்லையா?” என்று கேட்டாள். வீடே சிரித்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவர் பச்சை மாமா. ஐம்பதைத் தாண்டி, காதோரம் முழுக்க நரைத்த பிறகும் பச்சை மாமாதான்.

அவர் வேலை பார்க்கும் லேப் மூன்றாவது மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. ரப்பர் வாசனை படியேறி வரும். இலை வாசனை படியிறங்கிப் போகும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இரண்டும் சந்தித்து, ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கடந்துபோகும். அவரும் அங்கே எதிரே வருகிறவர்களை அப்படித்தான் கடப்பார், சுவரோரம் ஒதுங்கி, தரையைப் பார்த்து.

மூலிகைப் பொடி தயாரிக்கும் கம்பெனிகள் பாக்கெட் பாக்கெட்டாக மாதிரி அனுப்புவார்கள். முருங்கை, வேம்பு, கொய்யா, நாவல் என்று பெரும்பாலும் மர இலைகள். கூடவே ஒரு தாள் வரும். ஈரம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, புரதம், இரும்பு, கால்சியம் எவ்வளவு என்று அதில் கேட்டிருப்பார்கள். கேட்டதற்குப் பக்கத்தில் எண்ணை எழுதித் தருவதுதான் லேபின் வேலை. கொய்யா இலையின் துவர்ப்பைக் கண்ணாடிக் குப்பியில் நீல நிறமாக மாற்றிக் காட்டுவார். நீலம் அடர்த்தியாக இருந்தால் துவர்ப்பு அதிகம். வேப்பிலையின் கசப்பைப் பிரித்தெடுப்பார். எந்த இலையானாலும் கடைசியில் ஒரு கிண்ணத்தில் இட்டு உலைக்குள் வைப்பார். உள்ளே போகும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு பச்சை. வெளியே வரும்போது எல்லாம் ஒரே சாம்பல். ஊதினால் பறந்துவிடும் அந்தத் துளியை மூச்சை அடக்கிக்கொண்டு எடைபோடுவார். மரம் மண்ணிலிருந்து எடுத்து வைத்திருந்ததெல்லாம் அவ்வளவுதான்.

லேபின் முன்னறையில் மாதிரி வாங்கிவைக்கும் பெண்ணுக்கு வாய் அதிகம். “சார், நிஜமா சொல்லுங்க, இந்த முருங்கைப் பொடி முடிக்கு நல்லதா?” என்று வாரம் ஒரு தடவையாவது கேட்பாள்.

“இதுல என்ன இருக்குன்னு சொல்லத் தெரியும்மா. உங்களுக்குள்ள போய் அது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது.”

“அதைக்கூட தெரிஞ்சுக்காம இத்தனை வருஷமா என்னத்த சார் எரிச்சீங்க?”

அவர் உலையின் கதவை மூடுவார். ஆனால் முதலில் சொன்ன பதில் அவருக்கு உண்மையானது. தன் எண்களை அவர் நம்பினார். எண்களுக்கு வெளியே எதையும் சொல்லத் துணியமாட்டார். இந்த ஜாக்கிரதையை அவர் ஒரே ஒருவரிடம் மட்டும் மறந்தார். அது அக்கா.

அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்காதான் அவரை வளர்த்தாள். வளர்த்தாள் என்றால், அவளும் அப்போது பள்ளிக்கூடம் போகிறவள்தான். சிறு வயதில் மூட்டுவலியோடு வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இதயத்தைத் தொட்டுவிட்டுப் போயிருந்தது. கல்யாணமாகி, ஒரு பெண் பிறந்த பிறகு, படியேற முடியாமல் மூச்சு வாங்கியது. நெஞ்சைத் திறந்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அந்த மாதம்தான் அவருக்கு ஓரிடத்தில் பெண் பேசியிருந்தார்கள். அவர் ஆஸ்பத்திரியிலேயே கிடந்ததில் அந்தப் பேச்சு ஆறிப்போனது. அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அவரும் ஞாபகப்படுத்தவில்லை.

உலோக வால்வுக்கு ஒரு சத்தம் உண்டு. அறை அமைதியாக இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கேட்கும். டிக், டிக் என்று சின்னதாக. அத்தான் அதை வைத்து எல்லோரிடமும் ஒரே ஜோக்கைச் சொல்லுவார். “எங்க வீட்டுல கடிகாரம் வாங்கவே வேணாம். இவ பக்கத்துல உக்காந்தா போதும்.”

அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமலிருக்க அக்கா தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். ரத்தத்தை உறையவிடாத மாத்திரை. அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். கூடினால் எங்கேயாவது கசியும். அதனால் மாதா மாதம் ரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஓர் எண்ணைப் பார்ப்பார்கள். அந்த எண் ஒரு சின்ன இடைவெளிக்குள் நிற்க வேண்டும், கழைக்கூத்தாடியின் கால் மாதிரி.

போன வருடம் அக்காவுக்கு அடிக்கடி களைப்பு வந்தது. இரும்புச் சத்து குறைவு என்றார்கள். அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை தோன்றியது. பரிசோதனைக்கு வரும் பாக்கெட்டில் சில கிராம்தான் செலவாகும். ஒரு பங்கை முத்திரையிட்டு அலமாரியில் வைப்பார்கள். மீதி குப்பைக்குப் போகும். நல்ல பொடி. அதில் இரும்பு எவ்வளவு, புரதம் எவ்வளவு, ஈயம் போன்ற விஷம் எதுவும் இல்லை என்பதெல்லாம் அவர் கையாலேயே பார்த்த பொடி. முருங்கை மற்ற இலைகளையெல்லாம் வெட்கப்பட வைக்கிற இலை. உலர்ந்த எடையில் கால் பங்கு புரதம்; கால்சியத்திலும் அது தாராளம். லேபை நடத்தும் மேடத்திடம் கேட்டுக்கொண்டு, ஒரு டப்பாவில் அடைத்து, ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போனார்.

“காலையில ஒரு ஸ்பூன், சாயங்காலம் ஒரு ஸ்பூன். வெதுவெதுப்பான தண்ணியில கலக்கிக் குடி.”

“இது என்னடா, குளத்துத் தண்ணி மாதிரி இருக்கு?”

“குடிக்கா. நானே பார்த்தது. கடையில வாங்குறதுல குச்சி, காம்பு எல்லாம் அரைச்சுப் போட்டிருப்பான். இது சுத்தம்.”

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். குடித்து முடித்ததும் நாக்கை நீட்டிக் காட்டினாள். பச்சையாக இருந்தது. “பாரு, நானும் உன் கட்சி.”

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. முன்பும் போவார்தான். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, எதற்கு வந்தோம் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பார். இப்போது கையில் டப்பா இருந்தது. கொடுக்க வந்தவர் என்று ஆனது. கொடுக்க வந்தவர் உள்ளே போகலாம், உட்காரலாம், தண்ணீர் கேட்கலாம். வாரம் முழுவதும் அறையில் ஒரு தட்டும் ஒரு டம்ளருமாக இருந்துவிட்டு வருகிறவருக்கு அது பெரிய விஷயம்.

இடையில் அக்காவின் எண் கீழே இறங்கியது. டாக்டர் மாத்திரையை அரை கூட்டினார். மறுபடி பார்த்தபோதும் போதவில்லை. மறுபடியும் அரை கூட்டினார். “ஒழுங்கா போடறீங்களாம்மா? மறந்துடறீங்களா?” என்று கேட்டார். வீட்டுக்கு வந்து அத்தான் அதையே பிடித்துக்கொண்டார். “ஒரு மாத்திரை. ஒரே ஒரு மாத்திரை. அதைக்கூட போட ஞாபகம் இருக்காதா ஒரு மனுஷிக்கு?” அக்கா போட்டேன் போட்டேன் என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். பொடியைப் பற்றி டாக்டரிடம் அவள் சொல்லவில்லை. மறைத்தாள் என்றில்லை. தம்பி கொடுக்கிறதையெல்லாம் டாக்டரிடம் யார் சொல்வார்கள்? கூட்டிய மாத்திரையில் எண் சரியான இடத்துக்கு வந்து நின்றது. அடுத்த தடவை கொஞ்சம் தள்ளியே வந்தால் போதும் என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

இந்த நேரத்தில்தான் அத்தானுக்குப் பதவி உயர்வு வந்தது. ஆபீஸ் நண்பர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அது தெரியாமல் பச்சை மாமா டப்பாவோடு போய் நின்றார். கூடம் முழுக்க செண்ட் வாசனையும் சத்தமும். திரும்பிப் போய்விடலாமா என்று யோசிப்பதற்குள் அத்தான் பார்த்துவிட்டார்.

“வா மச்சான், வா! இதோ, சொன்னேனே, எங்க இலை டாக்டர். கல்யாணம் பண்ணிக்கல. கவலை கிடையாது. இலையை எரிச்சு சாம்பல எடை போடறதுதான் உத்தியோகம்.”

“சாம்பலையா? எதுக்கு சார்?” என்றார் ஒருவர், நிஜமான ஆர்வத்தோடு.

அவர் வாயைத் திறப்பதற்குள் அத்தானே பதில் சொன்னார். “எதுக்குன்னா, எங்க வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோட வரக்கூடாதுல்ல? வாரா வாரம் ஒரு டப்பா தூசி!”

எல்லோரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை. அத்தானின் வாய் அப்படித்தான் என்று அவருக்குத் தெரியும். சமையலறை வாசலில் தட்டோடு நின்றிருந்த அக்காவைப் பார்த்தார். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

செருப்பு ஸ்டாண்டின் மேல் டப்பாவை வைத்துவிட்டு, “லேப்ல கொஞ்சம் வேலை இருக்கு” என்று சொல்லிக் கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை லேப் பூட்டியிருக்கும் என்று அக்காவுக்குத் தெரியும். அவள் படி வரை வந்தாள். “டேய்” என்றாள். அவர் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவர் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறையைப் பெருக்கினார். பெருக்கிய அறையை மறுபடி பெருக்கினார். மாடி அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தால் தெருமுனையில் பஸ் நிற்பது தெரியும். அக்கா வீட்டுப் பக்கம் போகிற பஸ். அது நின்று, நாலு பேரை உதிர்த்து, நாலு பேரை எடுத்துக்கொண்டு போகும்வரை பார்ப்பார். அக்கா ஒரு தடவை போன் செய்தாள். அவர் எடுக்கவில்லை. மறுநாள் அவர் செய்யலாம் என்று நினைத்தார். மறுநாளும் நினைத்தார். லேபில் மிஞ்சிய முருங்கைப் பொடி பழையபடி குப்பைக்குப் போனது.

“என்ன சார், டப்பா கொண்டுவர மாட்டேங்கிறீங்க? அக்காவுக்கு முடி நல்லா வளர்ந்துடுச்சா?” என்றாள் முன்னறைப் பெண்.

“ம்” என்றார்.

மேடம் அவரைக் கூப்பிட்டது ஒரு திங்கட்கிழமை. மேஜைமேல் புதுத் தாள் ஒன்று இருந்தது.

“புது பார்ட்டி. முருங்கைதான். எல்லாம் வழக்கமா பார்க்கிறதுதான். கூட ஒண்ணு கேட்டிருக்காங்க. கே.”

“வைட்டமின் கே-யா? அதை யாரும் கேட்டதே இல்லையே மேடம்.”

“லேபிள்ல ஏதோ எச்சரிக்கை போடணுமாம். முறையெல்லாம் எடுத்து வச்சிருக்கேன். உங்களுக்குத்தான் பொறுமை. நீங்களே பாருங்க.”

வைட்டமின் கே வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். ஆகவே உள்ளறையில் விளக்கை அணைத்து, ஜன்னலை மறைத்து, பழுப்புக் குப்பிகளில் வேலை செய்தார். இருட்டில் பொடியை ஊறவைத்து, வடித்து, மெஷினுக்குள் செலுத்தினார். திரையில் கோடு ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து வந்தது. பிறகு திடீரென்று எழுந்தது. மலை மாதிரி, கூராக, திரையின் மேல் விளிம்பைத் தொட்டது. தவறாக இருக்கும் என்று மாதிரியை நீர்க்க வைத்து மறுபடி செலுத்தினார். சின்ன மலையாக வந்தது. கணக்குப் போட்டால் அதே எண். முருங்கை இதிலும் தாராளம்தான்.

தாளை எடுத்து வெளிச்சத்துக்கு வந்தார். கடைசியில் அந்தப் பார்ட்டி அச்சிடப்போகும் எச்சரிக்கையின் வாசகம் இருந்தது. ‘ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைப் பயன்படுத்த வேண்டாம்.’

ஏ கண்ணுக்கு. டி எலும்புக்கு. கே ரத்தம் உறைவதற்கு. பள்ளிக்கூடத்தில் அக்கா அவரை உட்கார வைத்து ஒப்பிக்கச் சொன்ன பாடம். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். இத்தனை வருடங்களில் எந்தத் தாளும் கேட்காததால், இலைக்குள் அது இல்லாத மாதிரியே ஆகிவிட்டிருந்தது.

அக்காவின் எண் ஏன் இறங்கியது என்று அவருக்குப் புரிந்தது. அவளுடைய மறதி இல்லை. டப்பா. முக்காலியில் உட்கார்ந்தார். முதலில் வந்த நினைப்பு ஆறுதலாக இருந்தது. நல்லவேளை, நிறுத்திவிட்டேன். அதில் கொஞ்சம் வீம்பும் இருந்தது. போகாமல் இருந்ததே நல்லதாகப் போயிற்று.

பிறகுதான் மீதிக் கணக்கு வந்தது.

பொடி ஒரு பக்கம் இழுத்திருக்கிறது. மாத்திரை மறுபக்கம் இழுத்திருக்கிறது. பொடியின் பலம் தெரியாமல் டாக்டர் மாத்திரையின் பக்கம் ஆள் சேர்த்திருக்கிறார். கயிறு நடுவில் நின்றிருக்கிறது. இப்போது பொடியின் பக்கம் நின்றவன் சொல்லாமல் கொள்ளாமல் கயிற்றை விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். செருப்பு ஸ்டாண்டில் வைத்த டப்பா ஒரு வாரம் தாங்கியிருக்கும். தீர்ந்து நாளாகியிருக்கும். கூட்டிய மாத்திரையோ இன்னும் கூட்டியபடியே.

அக்காவுக்குப் போன் செய்தார். அடித்து அடித்து நின்றது. மறுபடி செய்தார். எடுக்கவில்லை. அத்தானுக்குச் செய்தார்.

“மச்சான், மீட்டிங்ல இருக்கேன். அதிசயமா இருக்கே, அப்புறம் பேசறேன்.” வைத்துவிட்டார்.

வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலேயே படியிறங்கினார். பஸ்ஸில் ஒரு பாட்டி அவரை டாக்டர் என்று நினைத்து இடம் கொடுத்தாள். அவர் உட்காரவில்லை.

கதவைத் திறந்த அக்கா அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வாயில் கைக்குட்டையை அழுத்திப் பிடித்திருந்தாள்.

“இப்பதான் வழி தெரிஞ்சுதா?”

“வாயில என்னக்கா?”

“பல் தேய்க்கும்போது பிரஷ் பட்டுருச்சு. காலையிலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வருது. அது கிடக்கட்டும். போன் பண்ணினா எடுக்கறதில்ல. இன்னிக்கு நானும் எடுக்கல. எப்படி இருந்துச்சு?”

“கையைக் காட்டு.”

“எதுக்கு?”

“காட்டுக்கா.”

முழங்கைக்கு மேலே, நாவல்பழத்தை நசுக்கித் தேய்த்த மாதிரி ஊதா நிறத்தில் ஒரு திட்டு. அதன் கீழே இன்னொன்று, மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கட்டிலில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். எப்போது இடித்தாய் என்றார். அதுதான் ஞாபகம் இல்லை என்றாள்.

“பொடி எப்ப தீர்ந்துச்சு?”

“பொடி கேட்டு உன் காலில விழணுமா நான்? தீர்ந்துச்சு, விட்டுட்டேன். அது என்ன மருந்தா?”

“மாத்திரை அதே அளவுதான் போடறியா?”

“ஒழுங்கா போடறேன்” என்றாள் சட்டென்று. அந்தக் கேள்விக்கு அவளிடம் இப்போதெல்லாம் ஒரே பதில்தான் இருந்தது. “டப்பாவில அடையாளம் வச்சிருக்கேன். வேணும்னா எண்ணிப் பாரு. நீயும் எண்ணு.”

“நீ மறக்கலக்கா” என்றார். “என்னிக்குமே மறக்கல. வா, ஆஸ்பத்திரிக்குப் போகணும். செருப்பைப் போடு. வழியில சொல்றேன்.”

ஆட்டோவில் சொன்னார். தாளில் இருந்த வாசகத்திலிருந்து ஆரம்பித்து, கயிறு வரை. அவள் கைக்குட்டையை எடுக்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள். ரத்தப் புள்ளி துணியில் விரிந்துகொண்டிருந்தது. சொல்லி முடித்ததும் அவள் வெளியே பார்த்தாள். “நல்ல ஆளுங்கடா நாம ரெண்டு பேரும்” என்றாள்.

எண் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். என்ன சாப்பிட்டீர்கள், எதை நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அக்கா வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“நான்தான் சார். முருங்கைப் பொடி. நான்தான் கொடுத்தேன், நான்தான் நிறுத்தினேன்.”

டாக்டர் அவருடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்தார். “எந்த ஆஸ்பத்திரி நீங்க?”

“ஆஸ்பத்திரி இல்ல சார். இலை டெஸ்ட் பண்ற லேப்.”

டாக்டர் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது அவருக்கு. “நல்லவேளை, தலைக்குள்ள கசியல. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு சொல்ல முடியாது” என்று மட்டும் சொன்னார். மாத்திரையை இப்போதைக்கு நிறுத்தச் சொன்னார். நர்ஸ் ஒரு சின்னக் கோப்பையில் துளியளவு மருந்து கொண்டுவந்தாள்.

“இது என்ன சார்?” என்றார் பச்சை மாமா.

“கே-தான். அளவா கொடுக்கணும். அதிகமாப் போனா வால்வில ரத்தம் கட்டிடும்.”

அக்கா கோப்பையை வாங்கிப் பார்த்தாள். “இதையா நீ டப்பா டப்பாவா கொண்டுவந்தே?” என்றாள். ரத்தம் கசியும் ஈறு தெரியச் சிரித்தாள். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை.

அத்தான் சாயங்காலம் ஓடிவந்தார். டை ஒரு பக்கம், சட்டை ஒரு பக்கம். வராந்தாவில் அவரைப் பிடித்து என்ன, ஏது என்று கேட்டார். அவர் மறுபடி முதலிலிருந்து சொன்னார். அத்தான் கோபப்படுவார் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றுகொண்டுதான் சொன்னார். அத்தான் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இவ மாத்திரையை மறக்கவே இல்ல?”

“இல்ல அத்தான்.”

“நான் தினமும் கத்தினேன் மச்சான். பொழுதுக்கும் கத்தினேன்.”

ஜோக் எதுவும் வரவில்லை அவருக்கு. அவரை அப்படிப் பார்ப்பது பச்சை மாமாவுக்குச் சங்கடமாக இருந்தது. தண்ணீர் வாங்கிவருகிறேன் என்று எழுந்து போனார்.

அன்று அக்காவின் அறையில் இரண்டு பேரும் தனியாக இருந்தபோது, அவள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

“அன்னிக்கு நான் சிரிச்சேன்னுதானே கோவம்?”

அவர் போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தார்.

“நான் சிரிக்காம நின்னிருந்தா அவர் விட்டிருப்பாரா? இன்னும் நாலு சொல்லியிருப்பார். சிரிச்சுட்டா அதோட முடிஞ்சுடும். இத்தனை வருஷமா நான் அப்படித்தான்டா முடிக்கிறேன்.”

ரத்தம் நின்றது. எண் மெல்ல இறங்கி, தன் பழைய கோட்டுக்கு வந்தது. மாத்திரையும் பழைய அளவுக்குப் போனது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார். “கீரை, இலையெல்லாம் விஷம் இல்ல. சாப்பிடலாம். ஆனா ஒரே அளவா சாப்பிடணும். ஒரு மாசம் அள்ளிக் குடிச்சுட்டு, அடுத்த மாசம் அப்படியே விடறது இருக்கு பாருங்க, அதுதான் ஆபத்து. எண் நிலைக்கிற வரைக்கும் பொடியே வேண்டாம்.”

அவர் தலையாட்டினார். டாக்டர் தன்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

புதுப் பார்ட்டியின் தாளில் கே-க்குப் பக்கத்தில் எண்ணை எழுதிக்கொடுத்தார். மற்ற கம்பெனிகளின் தாள்கள் வழக்கம்போல வந்தன. அதில் யாரும் கேட்கவில்லை. மேடத்திடம் போய் நின்றார். “கேட்காட்டாலும் கீழே ஒரு வரி போட்டுடலாமா மேடம்?” மேடம் கொஞ்சம் யோசித்துவிட்டு, “போடுங்க. வேண்டாம்னா அவங்களே அடிச்சுக்கட்டும்” என்றார். முன்னறைப் பெண் அந்த வரியைத் தட்டச்சு செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அன்று அவள் முடியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. குளித்து, சட்டை மாற்றிக்கொண்டார். கை பழக்கத்தில் ஜன்னல் விளிம்புக்குப் போனது. டப்பா வைக்கிற இடம். வட்டமாக ஒரு தூசியில்லாத தடம் மட்டும் இருந்தது. கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாம். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பழக்கடை இருந்தது. அதன் முன்னால் நின்றார். கடைக்காரர், “என்ன சார் வேணும்?” என்றார். அவர் ஆரஞ்சுகளைப் பார்த்தார். அதில் என்னென்ன இருக்கும் என்று மனசு தானாக அடுக்கத் தொடங்கியது. “ஒண்ணும் வேணாம்” என்று நகர்ந்தார். பஸ்ஸில் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மடியில் வைத்தார். சட்டைப் பையில் விட்டார். வெறுங்கைகள் இத்தனை பெரிதாக இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்.

அத்தான்தான் கதவைத் திறந்தார். அவர் கண் வழக்கம்போல முதலில் கையைப் பார்த்தது.

“எங்க மச்சான் டப்பா?”

“இல்ல அத்தான்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “சும்மா வந்தேன்.”

அத்தான் ஒரு கணம் நின்றார். வாய்வரை ஏதோ வந்து திரும்பிப்போனது தெரிந்தது. “சும்மா வந்தா உள்ள வரக்கூடாதா? வா” என்று கதவை அகலத் திறந்துவிட்டு, கடைக்குப் போவதாகச் சொல்லி இறங்கிப்போனார்.

அக்கா கூடத்தில் சோபாவில் படுத்திருந்தாள். கையிலிருந்த ஊதா திட்டு இலைப் பச்சைக்கு மாறி, ஓரங்களில் வெளிறிக்கொண்டிருந்தது. அரைக்கண் திறந்து அவரைப் பார்த்துவிட்டு, காலை மடக்கி இடம் விட்டாள். மறுபடி கண்ணை மூடினாள். அவர் சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. சொல்வதற்கும் ஒன்றும் இல்லை. சும்மா வந்தவர் எவ்வளவு நேரம் உட்காரலாம் என்று அவருக்குத் தெரியவில்லை. தெருவில் சத்தம் அடங்கியபோது அது கேட்டது. டிக், டிக் என்று சின்னதாக, சீராக.

கொஞ்சம் பின்னால் தள்ளி, முதுகு சாயும்படி உட்கார்ந்துகொண்டார்.